அம்மன் காசுக்கு முறுக்கு

வல்லத்திராக்கோட்டையில் மாவு மில், திருமயம் ரோட்டில் எண்ணெய்ச் செக்கு, டவுனில் மாடி வைத்த கடை, மூன்று பெண்களுக்கு ஊர் மெச்சிய கல்யாணம். எல்லாம் நான் ஒற்றை ஆளாக நின்று செய்தவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். போன மாதம் ஒரு பேங்க் மேனேஜர், பணம் என்றால் என்னவென்று எனக்கு விளக்க வந்தார். தம்பி, அதை ஒன்பது வயதிலேயே நடத்திப் பார்த்தவன் நான் என்றேன். சிரித்தார். அவர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம். திருக்கோகர்ணத்தில் என் தாய்மாமாவுக்கு ஒரு சின்னக் கடை. அத்தை கைமுறுக்குச் சுற்றுவாள், மாமா விற்பார், நான் அவர்களோடு இருந்தேன். கடை நடந்தால் எனக்கு மூன்று வேளைச் சோறு. மூடினால் ஊருக்குத் திரும்பி எருமை மேய்க்க வேண்டியதுதான்.

வியாபாரமெல்லாம் அம்மன் காசில். பொடியான செப்புக்காசு, ஒரு பக்கம் அம்பாள் உட்கார்ந்திருப்பாள். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு அந்தக் காசையும் தருவார்கள். சனங்கள் அதைச் சாமி மாடத்தில் வைத்திருப்பார்கள். இனிமேல் அது செல்லாது என்று பேச்சு வந்ததும் பெரிய கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அத்தை மட்டும் நம்பவில்லை.

“அம்பாள் உக்காந்திருக்கிற காச எவன் செல்லாதுங்கிறது?”

சனங்களிடம் வேறு சில்லறை இல்லை. முறுக்கு டின்னிலேயே நமுத்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கோயில் வாசலில் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: “எங்க மாமா கடையில அம்மன் காசு செல்லும்! ரெண்டு காசுக்கு ஒரு முறுக்கு!”

அன்றைக்கு டின் காலி. மாமா என் முதுகில் தட்டினார். மறுநாள்தான் வினை. மூட்டை மூட்டையாகக் காசோடு வந்துவிட்டது சனம். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மீமிசல் மீன்காரம்மா கொண்டுவந்த பையில் காசும் கவிச்சியும் சரிபாதி.

“முறுக்கு வேணாமுங்க, பல்லு இல்ல. இத வச்சுக்கிட்டு நல்ல ரூவாயாக் குடுத்துருங்க” என்றாள் அவள்.

“நான் என்ன இங்க கஜானாவா வச்சிருக்கேன்?”

“செல்லும்னு கத்துனது ஒங்க வீட்டுப் பையன்தானுங்க!”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் முறுக்குச் சுட்டிருக்கலாம். அரிசிக் கடைக்காரர் அம்மன் காசைத் தொட மாட்டார். அடுத்த சந்தை நாளுக்குள் அவருக்கு ரூபாய் தராவிட்டால் அரிசி கிடையாது, அரிசி இல்லையென்றால் கடை கிடையாது. அதற்கும் நான்தான் வழி சொன்னேன். ஐந்து சுற்று முறுக்கை மூன்று சுற்றாக்கினாள் அத்தை. பிறகு இரண்டு. ஒரு பெரியவர் அதை விரலில் மாட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, இது முறுக்கா, மோதரமா?”

கூட்டம் குறையும் என்று பார்த்தால் கூடியது. நாளைக்கு இன்னும் சிறுத்துவிடும் என்று பயந்து, இன்றைக்கே வாங்கிவிட ஓடிவந்தார்கள். மாவு தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது. மிஞ்சியது ஒரு சாக்கு அம்மன் காசு.

“காலையில ஊருக்குக் கெளம்பு. எருமைகிட்டப் போய்ச் சொல்லு, காசு செல்லும்னு” என்றார் மாமா.

நான் ஊருக்குக் கிளம்பவில்லை. காலையில் அவரையும் சாக்கையும் பாத்திர வியாபாரியிடம் இழுத்துப் போனேன். நல்ல செம்பு, எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வியாபாரியோ காதைப் பொத்திக்கொண்டார்.

“அம்பாள உருக்குனா எங்கொலம் வெளங்குமா? அங்கிட்டுத் தூக்கிட்டுப் போங்க.”

“மொதல்ல ஒரு சொம்பு அடிச்சு அம்பாளுக்கே குடுத்துருங்க, மொதலாளி. அவ காசு அவளுக்குப் போயிரும். மிச்சமெல்லாம் வெறுஞ் செம்புதானே?” என்றேன்.

அவர் காசைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், கடைசியில் தராசைப் பார்த்தார். முறுக்குக்கு ஆன செலவுக்கு மேலேயே கைக்கு வந்தது. அரிசிக் கடைக்காரர் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு மூட்டையை இறக்கினார். எருமைகள் என்னைப் பார்க்கவேயில்லை.

அம்பாள் இருப்பதால் காசு செல்கிறது என்றிருந்தாள் அத்தை. மகாராஜா அடித்ததால் என்றிருந்தார் மாமா. நான் கத்தியதால் என்று நான் நினைத்தேன். சட்டியில் எண்ணெய் தீர்ந்த அன்றைக்கு என் சத்தம் மட்டும் ஏன் செல்லாமல் போனது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. செல்லும் என்று கத்திவிட்டு முறுக்கைச் சுருக்கும் இதே வேலையை அரசாங்கங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கின்றன என்பதும் தெரியாது.

அந்தச் சொம்பு கோயிலில் இருக்கிறது. ‘உபயம்’ என்று அந்த வியாபாரியின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், கீழே விரற்கடை இடம் காலியாகக் கிடக்கிறது. யோசனை சொன்னவன் பெயரை அங்கே வெட்ட வேண்டும். வெட்டுக்கூலி என்னுடையது.