பின்சீட்டுக் கண்ணாடி

என் அக்கா காரில் வாந்தி எடுப்பாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சிரிப்பதற்கென்றே வைத்திருக்கும் சங்கதியும்கூட. வண்டி கிளம்பும் முன்பே யாராவது ஒரு பிளாஸ்டிக் பையை அவள் மடியில் போட்டு, "பத்திரமா வச்சுக்க, ஈப்போ தாண்டறதுக்குள்ள வேல இருக்கு" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். எங்கள் வீட்டில் வண்டி ஏறுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. என் கணவர் ஓட்டுவார். பக்கத்தில் அண்ணன், வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை. நடுவில் அண்ணி, நான், யாராவது பிள்ளைகள். கல்யாணம் ஆகாத அக்காவுக்குப் பின்னால் மடக்கி விரிக்கும் அந்தச் சின்ன சீட்டு, கூடவே பாத்திரம், பூக்கூடை, வாழையிலைக் கட்டு. யாரும் அவளை அங்கே போகச் சொன்னதில்லை. அவளே குனிந்து ஏறிக்கொள்வாள். இத்தனைக்கும் சின்ன வயதில் அவளுக்கு இந்த வாந்தி கிடையாது. எஸ்டேட் லோரியின் பின்னால் நின்றுகொண்டே திருவிழாவுக்குப் போவோம். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அதிகமாகக் கத்திக்கொண்டு வருவாள். எஸ்டேட்டை விற்று ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஈப்போவில் புந்தோங்குக்குக் குடிவந்தோம், கார் வாங்கினோம், கண்ணாடியை ஏற்றினோம். அதற்குப் பிறகு வந்ததுதான் இது.

போன வருஷம் தஞ்சோங் மாலிமில் சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகு விழா. வழியில் அக்கா தன் பட்டுப் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். பிளாஸ்டிக் பையின் மேல் அண்ணி தன் பலகாரப் பெட்டியை வைத்திருந்தாள், இழுத்தும் வரவில்லை. இறங்கியதும் அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி, "இவள லோரியிலதான் ஏத்தணும்" என்றார். சிரித்தார்கள். அக்கா குளியலறைக்குள் போய்ப் புடவையைக் கழுவினாள், ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வீடு திரும்பியதும் என்னிடம் சொன்னாள்: "இனிமே தூரமா எங்கயும் நான் வரல. பாப்பா கல்யாணத்துக்கும் வரல. இங்கேர்ந்தே ஆசீர்வாதம் பண்ணிக்கிறேன்."

பாப்பா என் மகள். கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஷிஃப்டு வேலை பார்த்தேன். அத்தனை வருஷமும் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அக்கா. மாப்பிள்ளை வீடு பாகான் செராய், கல்யாணமும் அங்கேதான், கோயில் மண்டபத்தில். அக்கா இல்லாமல் அந்த மண்டபத்தில் நான் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி, இன்னொருவர் ஓட்டி விட்டதை வாங்கியது. கடைசி வரிசைக் கண்ணாடி இரண்டும் பசை போட்டு ஒட்டியவை, திறக்காது. ஆனால் அதே வண்டியை ஜப்பானில் விற்றபோது அந்தக் கண்ணாடிகளுக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். சுவிட்சை அழுத்தினால் கண்ணாடியின் பின்விளிம்பு மூன்று விரல் அளவுக்கு வெளியே தள்ளித் திறக்கும். கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே இருப்பவர்களின் பின்சீட்டுக்கு மட்டும் மூச்சு வேண்டும், எங்களுக்கு வேண்டாமாக்கும் என்று ஆத்திரமாக வந்தது.

ஜப்பானில் பாதியாக வெட்டிய கார்களைக் கப்பலில் கொண்டுவந்து, கழற்றி விற்கும் கடைகள் ஈப்போவைச் சுற்றி உண்டு. ஹாஃப் கட் கடை என்போம். நாலு கடை ஏறி இறங்கினேன். கேள்வி கேட்டது நான், ஒவ்வொரு கடைத் தவுக்கேயும், அதாவது முதலாளியும், பதில் சொன்னது என் கணவரைப் பார்த்து. அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் ஃபியூஸ் போனால் பல்பை மாற்றுகிறவர். நாலாவது கடையில், மழையில் கிடந்த ஒரு பின்பாதியில் எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணாடி, கீல், மோட்டார், ரப்பர், எதுவும் குறையவில்லை. இடப்பக்க மோட்டாருக்குள் எறும்பு குடியிருந்தது.

புந்தோங் பட்டறைக்காரர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏர்கான் இருக்குல்லக்கா, கண்ணாடி எதுக்குலா? மழ பேஞ்சா ஒழுகும், அப்புறம் என்னைய ஏசக்கூடாது" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றார்.

"அவருக்கு இதப் பத்தித் தெரியாது, எங்கிட்ட பேசுங்க" என்றேன். "பழைய கண்ணாடிய அறுத்து எடுத்து இத மாட்டுறது உங்க வேல. ஒயர் என் வேல. ஒழுகினா என் வண்டிதான் ஒழுகும்."

உள்தகட்டைக் கழற்றியபோது கீல் வைக்கும் இடம் எங்கள் வண்டியிலும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது தெரிந்தது. இடம் விட்டிருக்கிறார்கள், மாட்டாமல் மூடியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஒயர் வேலையை வீட்டு வாசலில் செய்தேன், ஞாயிறு ஞாயிறாக. எறும்பைத் துடைத்து மோட்டாரை ஓட விட்டேன். கூரைத் துணிக்குள் ஒயரை இழுத்து, டேப் சுற்றி, தனி ஃபியூஸ் போட்டு, முன்னால் கொண்டுவந்தேன். முகம் தெரியாதவர்களின் கார்களுக்கே கட்டிக் கட்டிக் காய்ப்பு ஏறிய கை இது, முதல்முறையாக அக்காவுக்குக் கட்டியது. சுவிட்சை கியர் பக்கத்தில் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, கம்பெனியே வைத்த மாதிரி.

நாலு மாசம் ஆயிற்று. வேலை முடிந்ததும் அக்காவைப் பின்னால் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு புந்தோங்கை ஒரு சுற்று வந்தேன். சுவிட்சை அழுத்தி, "காத்து வருதாக்கா?" என்று கேட்டேன்.

"வருது வருது. நல்லா வருது" என்றாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொன்னாள்.

கல்யாணத்தன்று பாப்பா தோழிகளோடு வேறு காரில் முன்னாலேயே போய்விட்டாள். எங்கள் வண்டியில் வழக்கம்போல என் கணவர், பக்கத்தில் அண்ணன். அன்றைக்கு அவர் தாய்மாமன் வேறு, அந்த சீட்டைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை. நடுவில் அண்ணியும் நானும். பின்னால் அக்கா, அவளைச் சுற்றிச் சீர்த்தட்டுகள். பின்கண்ணாடி இரண்டையும் நான் திறந்து வைத்திருந்தேன்.

மெனோரா சுரங்கத்தைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. அண்ணன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். "என்னா இரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி மூடும் மோட்டார் சத்தம் கேட்டது. நான் எழுந்து குனிந்து மறுபடி திறந்தேன். அவர் மறுபடி மூடினார். "ஏர்கான் எல்லாம் வெளிய போவுதுலா. பேசாம உக்காரு."

திரும்பிப் பார்த்தேன். அக்கா தட்டுகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன். என் குரலைக் கேட்டு என் கணவர் சுங்கை பேராக் ஓய்விடத்தில் திருப்பி நிறுத்தினார். அக்கா இறங்கி, புல் ஓரமாகப் போய் எடுத்தாள். புடவையில் படவில்லை.

நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். தஞ்சோங் மாலிமில் ஆரம்பித்து, அதற்கு முந்தைய முப்பது வருஷத்தையும் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் கொட்டினேன். பட்டுப் புடவையில் நின்று ஒரு பொம்பளை கத்துவதைக் காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எம்மேல ஏன் பாயுற? சுவிட்ச முன்னால வச்சது நீதானே?" என்றார்.

பின்னால் உட்காருகிறவளுக்குக் காற்று. அதைத் திறப்பதும் மூடுவதும் முன்னால் உட்காருகிறவர்கள். கூரை வழியாக அத்தனை தூரம் ஒயரை இழுத்து, கச்சிதமாக அப்படிச் செய்துவைத்தவள் நான்தான். ஒயரை அக்கா கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

அக்கா வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள். கோபமே இல்லாத குரலில் என்னிடம் சொன்னாள்: "நாலு மாசமா வண்டியில ஓட்டை போட்டியே. முன்னால உக்காருக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்பதாக இருக்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். என் கணவர் தரையைப் பார்த்தார். அண்ணன் நடு வரிசைக்குப் போனார். நான் சீர்த்தட்டுகளைத் தாண்டிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

இந்த வண்டி ஓடும்போது நான் அந்த சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. முட்டி நெஞ்சில் இடித்தது. ஒவ்வொரு வளைவிலும் வயிறு தனியாகப் போய்த் தனியாக வந்தது. சாங்காட் ஜெரிங் வருவதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கண்ணாடி இரண்டும் மூடியே இருந்தன. திறக்கச் சொல்லலாம்தான். ஆனால் முன்னால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயில் வெந்நீர் ஊறுவதை விழுங்கிக்கொண்டு, சும்மா இருந்தேன்.

மோட்டார் சத்தம் கேட்டது. அக்கா கியர் பக்கத்தில் கை வைத்திருந்தாள். என் தலைக்குப் பக்கத்தில் கண்ணாடி மூன்று விரல் திறந்தது. நான் முகத்தைக் கொண்டுபோய் இடுக்கில் வைத்தேன். ஒரு பொட்டுக் காற்று படவில்லை. பின்விளிம்பு மட்டும் வெளியே தள்ளி நிற்கும் கண்ணாடி, ஓடும் வண்டியில் உள்ளே இருக்கும் காற்றைத்தான் வெளியே உறிஞ்சும். இரைச்சல் மட்டும் வந்தது.

அக்கா தலையைத் திருப்பி, "காத்து வருதா?" என்று கேட்டாள். அவளுடைய ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது, கட்டியிருந்த மல்லிகை பறந்துகொண்டிருந்தது.

"வருதுக்கா. நல்லா வருது" என்றேன். அன்றைக்குப் புந்தோங்கில் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.