நீல நம்பர் பிளேட் யாரைக் காக்கும்

என் அண்ணன் சென்னையில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் கார் ஓட்டுகிறான். நீல நம்பர் பிளேட் போட்ட வண்டி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயை மூட மாட்டான். "எங்க வண்டிய எவனும் செக் பண்ண முடியாது, தெரியுமா?" என்பான். செஞ்சி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலையும் நான், "போதும்ணா, ரொம்பத்தான் பீத்திக்காத" என்று வாருவேன்.

அன்றைக்கு அமாவாசை. தூதரகத்தின் வெளிநாட்டுப் பெண் அதிகாரி ஒருவருக்குச் செஞ்சிக் கோட்டையைக் காட்ட அழைத்து வந்திருந்தான். நானும் கூடப் போனேன். கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த அம்மா, அந்தக் காலத்தில் இங்கே வந்த தூதுவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டார். பரிசுப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து, மேலே கூப்பிடும்வரை அடிவாரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான் என்றேன். ராஜாவின் வாக்குதான் அவர்கள் உயிருக்குக் காவல். அவருக்குக் கோபம் வந்தால் அதுவும் போச்சு. இப்போது அதற்கெல்லாம் நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது என்று அந்த அம்மா சிரித்தார். கைது, கேஸ் எதுவும் தொடாதபடி பெரிய தூதருக்கு முழுப் பாதுகாப்பு, தன்னைப் போன்றவர்களுக்குப் பாதி என்றார். டிரைவருக்கு என்ன என்று பேச்சு வரவில்லை.

திண்டிவனம் ரோட்டில் அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அண்ணன் ஊர்ந்துதான் போனான். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ராங் சைடில் ஒரு பைக் பாய்ந்து வந்தது. அதைப் பார்த்து முதலில் கத்தியவரே பின்சீட்டில் இருந்த அந்த அம்மாதான். பைக் எங்கள் பம்பரில் மோதி, ஓட்டி வந்த, பக்கத்து ஊரான தொண்டூர் ஆள் தலை அடிபட விழுந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதற்குள் அவருடைய சொந்தக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடா, கண்ணு தெரியல உனுக்கு?" என்று ஒருவர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார்.

பயத்தில் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. "கைய எடுய்யா! இது தூதரக வண்டி. போலீஸே என்னைத் தொட முடியாது!"

அடப்பாவி! அவன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். கூட்டம் கொதித்துவிட்டது. அண்ணனின் சட்டை கிழிந்து, ஒரு செருப்பும் காணாமல் போனது. வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் காதிலும் அந்தப் பேச்சு விழுந்துவிட்டது. "தொட முடியாதா? ஏறுடா ஜீப்புல" என்றார்.

ஸ்டேஷனில் நான் சட்டம் பேசிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. "நீ தங்கச்சிம்மா. உன் சாட்சிய எவன் நம்புவான்? அந்த முக்குல கேமராவும் கிடையாது. மேடம் பாத்தத எழுதிக் குடுக்கட்டும், நான் இவன வுட்டுட்றேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதி எதுவும் வரவில்லை. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அண்ணன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்று போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, வாக்குமூலம் கொடுக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள் என்றார். ஒப்பந்தப்படி தன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாதாம்.

"கட்டாயப்படுத்தலீங்க மேடம். நீங்களா சொல்லுங்கன்னு கேக்குறேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். வருந்துகிறேன் என்று மட்டும் சொன்னார். தூதுவரின் வாயைப் பிடுங்கி எந்த அரசும் ரகசியம் கறக்கக் கூடாது என்று வைத்த சலுகை அது. ஒரு பைக் எந்தப் பக்கம் வந்தது என்பதில் எந்த நாட்டு ரகசியம் இருக்கிறது?

பொழுது சாயும்போது அந்த அம்மாவை அழைத்துப் போகச் சென்னையிலிருந்து வேறொரு நீல பிளேட் வண்டி வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அந்த அம்மா வாசலை நோக்கி நடந்தார்.

பெஞ்சில் குந்தியிருந்த அண்ணன் சட்டென்று எழுந்தான். "டேய், எங்கடா ஓடுற?" என்று கான்ஸ்டபிள் கத்திக்கொண்டே பின்னால் போனார். அண்ணன் கிழிந்த சட்டையோடு முந்திக்கொண்டு ஓடி, வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்தான். அந்த அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.

"பாத்துப் போங்க மேடம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.