கிளென் சித்தப்பா ஒதுங்காத நிழல்

உலகத்து யூகலிப்டஸ் மரமெல்லாம் கிளென் பிராஃபியைக் கேட்டுத்தான் கிளையை உதிர்க்கும். மர்ரே ஆற்றங்கரையில் கூடாரம் போட வருகிறவர்களிடம் அவர் நடந்துகொள்வது அப்படித்தான். நாற்பது டிகிரி வெயிலிலும், கிளை முறிந்து விழும் என்று மரத்தடியில் ஒருவரையும் தங்க விடமாட்டார். தானும் வெட்டவெளியில் வெந்த இறாலாய்ச் சிவந்து கிடப்பார்.

அவரைச் சீண்டவென்றே அண்ணன் மகள் பிரயோனி நிழலில் நாற்காலி போட்டாள்.

"காத்தே இல்லையே சித்தப்பா, கிளை எப்படி விழும்?"

"காத்தில்லாத வெயில்லதான்டி விழும். போன வருசம் என் வண்டி மேலயே விழுந்துச்சு. எந்திரி!"

"எனக்கொண்ணும் பயமில்ல."

அவர் முணுமுணுத்தபடி அவளுக்குப் பின்பக்கமாகப் போனார். சற்று நேரத்தில் படீரென்று ஒரு சத்தம். பிரயோனி அலறிக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள்.

திரும்பிப் பார்த்தால், முறித்த விறகும் கையுமாகச் சித்தப்பா நின்றார்.

"பயமில்லன்னியே, போய் நாற்காலிய எடுத்துட்டு வா."

அவள் சுடுமணலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.