ஓரங்களில் எழுதியிருந்தது

இங்கே ரயிலில் எல்லோரும் படிக்கிறார்கள். காலையில் எங்கள் சிற்றூரிலிருந்து ஸ்டுட்கார்ட் போகும் வண்டியில் எதிரே நால்வர் உட்கார்ந்தால் நால்வர் கையிலும் ஏதாவது விரிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன படிக்கிறார் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் பார்த்துவிட்டேன். அருகிலிருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து என் மடியில் வைத்து, "எடுத்துக்கொள்ளுங்கள், நான் முடித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எனக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. அவர் எதைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார் என்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

நான் பல்லடத்துக்காரன். கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்த வருடங்களில் பஸ்ஸில் ஒரு வாரப் பத்திரிகையைத் தனியாகப் படித்துவிட முடியாது. பின்சீட்டிலிருந்து ஒரு கை தோளைத் தொடும். "ஏனுங்க, பக்கத்தைத் திருப்பிப்போடாதீங்க, இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்க." எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். வாசிப்பு என்பது தனிமையில் செய்கிற, கொஞ்சம் உயர்ந்த காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். டவுனில் இருந்த ஒரு வாடகை நூலகத்தில் உறுப்பினராக இருந்தேன். தொடர்கதைகள் அடுக்கியிருந்த முன் அலமாரிப் பக்கம் திரும்பாமல், உள்ளே தூசி படிந்துகிடந்த மொழிபெயர்ப்பு நாவல்களிடம் நேராகப் போய்விடுவேன். அந்தத் தூசியில் எனக்கு ஒரு பெருமை.

கனடாவில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் சமீபத்தில் கடிதம் எழுதியிருந்தார். ஊரிலிருந்து வரும்போது புத்தகங்களைச் சுமந்து வருவதா, அல்லது இப்போதுதான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்கிறார்களே, அப்படிச் செய்துவிடலாமா, உங்கள் அனுபவம் என்ன என்று கேட்டிருந்தார். அவருக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி மரகதம் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இரண்டாம் வருடம் என்னோடு இங்கே வந்தாள். நெசவு இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. அவள் பெட்டியைத் திறந்தபோது, பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஏழு தடித்த பைண்டு புத்தகங்கள் இருந்தன. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசைப்படுத்தி, கோபியில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்தவை. அட்டைக்குப் பச்சைக் காலிகோ துணி. "இதையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தே?" என்றேன். "ஆமாங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து நான் வரும்போது அவள் ஜன்னலோரத்தில், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து அவற்றில் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பாள். சில சமயம் சிரிப்பாள். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "கதாநாயகி மறுபடியும் கிணத்துல விழுந்துட்டாளா?" என்று கேலி செய்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சப்பாத்தி மாவை எடுக்கப் போய்விட்டாள். எத்தனை தடவை இப்படிச் செய்திருப்பேன் என்று இப்போது கணக்கிட முடியவில்லை.

அவளுக்கு சரசு என்று ஒரு தங்கை இருந்ததும், மஞ்சள் காமாலையில் பதினெட்டு வயதில் இறந்துபோனதும் எனக்குத் தெரியும். மாமனார் வீட்டு முன்னறையில் இரட்டைச் சடையோடு அந்தப் பெண்ணின் படம் மாட்டியிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு நடந்தது. மரகதம் அவளைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். பேசாததால் துக்கம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஆண்டு மாமனாருக்கு அறுவை சிகிச்சை. மரகதம் இரண்டு மாதம் கோபியில் இருக்கப் புறப்பட்டாள். அதே சமயம் நாங்கள் சிறிய வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. முன்பே மூட்டை கட்டிப் பழைய வீட்டின் நிலவறையில் வைத்திருந்த அந்த ஏழு புத்தகங்களும் ஈரம் வாங்கிப் பூஞ்சை மணம் அடிக்க ஆரம்பித்திருந்தன. மட்டமான தாள், திருப்பினால் மூலைகள் உதிர்ந்தன. எங்கள் அலுவலகத்தில் அப்போதுதான் ஒரு நல்ல ஸ்கேனரும், குறுந்தகடு பதிவு செய்யும் கருவியும் வாங்கியிருந்தார்கள். எனக்கு அந்த யோசனை வந்தபோது உண்மையிலேயே அன்பினால்தான் வந்தது. அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவளுடைய கதைகளை அழியாமல் காப்பாற்றி, அவள் திரும்பி வந்ததும் காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஐந்து வாரம், மாலை வேளைகளில் உட்கார்ந்து செய்தேன். தாள்கள் சமமாகப் படிய வேண்டும் என்பதற்காகத் தையலை அறுத்தேன். பக்கங்களின் ஓரங்களில் மங்கலான பென்சில் எழுத்துகள் இருந்தன. வாடகை நூலகப் புத்தகங்களில் இப்படித்தான் யாராவது கிறுக்கி வைத்திருப்பார்கள். அது எனக்கு எப்போதும் பிடிக்காது. சாம்பல் நிறச் சாயல்களோடு பதிந்தால் கோப்பு பெரிதாகிவிடும். வெறும் கறுப்பு வெள்ளையாகப் பதிந்தால் சிறியதாகும், அச்செழுத்தும் பளிச்சென்று நிற்கும். அப்படியே பதிந்தேன். பென்சில் எழுத்துகள் ஒன்றுவிடாமல் மறைந்தன. மிச்சமிருந்த ஓரத்தையும் ஒரே அளவாக வெட்டினேன். ஏறக்குறைய மூவாயிரம் பக்கங்களை என் கையால் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை.

தாள்களைக் கயிற்றால் கட்டி, பழைய காகிதம் எடுக்கும் நாளில் நடைபாதையில் வைத்தேன். 'ஆல்ட்பப்பீர்' வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

மரகதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கினாள். குளித்துச் சாப்பிட்டதும் அவளைக் கணினி முன் உட்காரவைத்தேன். முதல் கதையின் முதல் பக்கம் திரையில் வந்தது. "எழுத்தைப் பெரிசாக்கலாம், பாரு. இனிமேல் பூச்சி அரிக்காது, ஈரம் ஏறாது. ஏழு புத்தகமும் இந்த ஒரு தட்டுக்குள்ள இருக்கு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதையும் நான் சொல்ல வேண்டும். "எல்லாமேவா?" என்று கேட்டாள். பிறகு, "அந்த மூணாவது புஸ்தகத்துல, தோட்டத்துல வெச்சு அண்ணன் தம்பி சண்டை போடுவாங்களே, அதை எடுங்க" என்றாள். தேடி எடுத்தேன். அவள் திரையருகே குனிந்தாள். அச்செழுத்துகளைப் பார்க்கவில்லை. பக்கத்தின் இடது ஓரத்து வெண்மையில் விரலை வைத்தாள்.

"இங்க எழுதியிருந்துதுங்களே?"

"பென்சில் கிறுக்கல்தானே? அதெல்லாம் சுத்தமா எடுத்துப்போட்டேன்."

அந்தப் பதிலைப் பெருமையோடு சொன்னேன்.

"அது சரசு எழுதுனதுங்க."

அப்புறம்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. வாரப் பத்திரிகை வியாழக்கிழமை வீட்டுக்கு வரும். முதலில் தங்கை படிப்பாள், இடது ஓரத்தில் எழுதுவாள். பிறகு அக்கா படித்து வலது ஓரத்தில் பதில் எழுதுவாள். 'இவனை நம்பாதே.' 'நம்புனா என்னடி?' 'இவளுக்கு மாமியார் உன்னைப் போல வாய்க்கணும்.' 'உனக்கு வாயி நீளம்.' நாலு வருடம் இப்படி. கடைசிப் புத்தகத்தின் பாதியோடு இடது ஓரத்து எழுத்து நின்றுவிடும்.

"புஸ்தகம் எங்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்துபோய், ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்கீரைப் பொடியை எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் காகிதக் கிடங்குக்குப் போனேன். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒரு மனிதர் வந்தார். என் ஜெர்மன் அன்று எனக்கு உதவவில்லை. என் மனைவியின் புத்தகம், தெரியாமல் போட்டுவிட்டேன், ஒரே பிரதிதான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. "உங்கள் மனைவி எழுத்தாளரா? கையெழுத்துப் பிரதியா?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "ஆமாம். அவளும் அவள் தங்கையும் எழுதியது" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். என்னோடு ஒரு மணி நேரம் கட்டுகளுக்கு நடுவே நடந்தார். எங்கள் தெருவில் எடுத்த தாள்கள் பத்து நாள் முன்பே கூழ் ஆலைக்குப் போய்விட்டன என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மரகதம் என்னைத் திட்டியிருக்கலாம். "நெனச்சுச் செஞ்சீங்க, அது தெரியுதுங்க" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அதன்பின் ஐந்தாறு மாதம் அவள் எதையும் படிக்கவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியில் துணிகள் மடிந்துகிடந்தன. ஊரிலிருந்து வந்த வாரப் பத்திரிகைகள் உறை பிரிக்கப்படாமலே சேர்ந்தன. நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

காகிதமா கணினியா என்று நண்பர் கேட்கிறார். அந்தத் தாள்கள் எப்படியும் இன்னும் சில வருடத்தில் நொறுங்கித்தான் போயிருக்கும். கணினியில் இருக்கும் பக்கங்கள் நொறுங்காது. இரண்டும் உண்மை. ஆனால் புத்தகம் என்று எதைப் படியெடுக்கிறோம் என்று தெரிந்தவர்தான் படியெடுக்கலாம். அது தெரிய, அதைப் படித்தவர் பக்கத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இந்த வசந்தகாலத்தில் அவளே கேட்டாள். "அந்தப் பக்கமெல்லாம் தாள்ல எடுத்துத் தர முடியுங்களா? ரெண்டு ஓரமும் அகலமா இருக்கோணும்." அலுவலக அச்சுக்கருவியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வந்தேன். அவள் பென்சிலோடு உட்கார்ந்தாள். வலது ஓரத்தில் தன் பதில்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எழுதினாள். இடது ஓரத்தை விட்டுவிட்டாள். "அவ எழுதுனது எனக்குத் தெரியும். ஆனா நான் எழுதினா என் கையெழுத்தாப் போயிருமுங்க."

அவள் வைத்துவிட்டுப்போன பக்கங்களை நானும் படிக்கத் தொடங்கினேன். ஒரு மாலை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, இடது ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன், அந்த அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று. அவள் வந்து பார்த்தாள். ரப்பரை எடுத்து, தாள் கிழியாமல், மெதுவாக அழித்தாள். "அது அவ இடமுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா கீழ எழுதிக்குங்க" என்று கடைசி வரிக்குக் கீழே இருந்த ஒரு விரற்கடை இடத்தைக் காட்டினாள்.

நேற்று ஒரு கதையின் கடைசிப் பக்கம் வந்தது. எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் கதாநாயகி யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகிறாள். ஏன் என்று கேட்கத் தோன்றியது. பென்சிலை எடுத்துக் கீழே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், 'ஏன்' என்பதற்கு 'வாரூம்' என்று ஜெர்மனில், ஜெர்மன் எழுத்தில் எழுதியிருந்தேன். பத்து வருடமாக அலுவலகத் தாள்களின் ஓரத்தில் நான் எழுதிவரும் சொல் அது. அழிக்க ரப்பரைத் தேடியபோது மரகதம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அழிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அடியில், மிச்சமிருந்த இடத்தில், சின்ன எழுத்தில், 'எனக்கும் தெரியலைங்க' என்று எழுதி, அடுத்த தாளை எடுத்தாள்.