கண்டி மலையில் பாதி வழி

செய்யது மாஸ்டர் காலமான செய்தி பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது பீரியடில் வந்தது. கீழக்கரை பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "உங்க ட்ராயிங் மாஸ்டர் மவுத்தாயிட்டாக. சாயங்காலம் அசருத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிறது என்று ஓடினார். நான் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்றால் அவருக்குப் பிடிக்காது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலோடுதான் நடை. மாடியில் வகுப்புப் போட்டால் நேரே தலைமையாசிரியரிடம் போய், "எனக்கு மாடி ஆகாது, கீழே போடுங்க" என்பார். கத்தரிக்காய் ஆகாது என்று பந்தியில் சொல்வார்களே, அந்த மாதிரி. கேட்பவருக்குத்தான் சங்கடம், அவருக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் கண்டிக்குப் போனோம். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த அவருடைய தகப்பனார், இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்து, அங்கேயே அடக்கமானவர். வீட்டில் ஒருவரும் அந்தக் கபுரைப் பார்த்ததில்லை. "நான் கண்ணை மூடுறதுக்குள்ள பாத்துட்டு வந்து சொல்லு" என்று அவருடைய உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது மாஸ்டர் என்னைக் கேலி செய்தார். "உங்க கணக்குக்கு அங்கன வேலையில்லை சார். மூட்டை தூக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்."

கண்டியில் நாங்கள் செய்த தவறை நம் சீமைக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். நம் பக்கத்தில் பள்ளிவாசல் மினாரா கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வந்து சேர்ந்த மாதிரிதான். நடுவில் இருப்பதெல்லாம் மணலும் பனையும். அங்கே கபுர்கள் இருக்கும் மையவாடியின் வெள்ளைச் சுவர் கடைவீதியிலிருந்தே தெரிந்தது. "இந்தா தெரியுதுல்ல" என்று இருவரும் சேர்ந்தே சொல்லி, வாடகைக் காரை அனுப்பிவிட்டோம். கொஞ்சம் நடந்த பிறகுதான் அந்தச் சுவர் எங்கள் தலைக்கு மேலே இருப்பது உறைத்தது. பாதி மலை வரை கார்ச்சாலை இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கார் போயிருக்கக்கூடிய தூரத்தையெல்லாம் மாஸ்டர் நடந்தே ஏறினார். சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் கால் நின்றுவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். முதுகில் தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வழுக்குது சார். நீங்களும் விழுந்தா ரெண்டு பேரையும் இங்கனயே அடக்க வேண்டியதுதான்" என்றார். சற்று நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். பிறகு பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே குரலில், "இதுக்கு மேல எனக்கு ஆகாது. நீங்க போங்க. எனக்காக ஒரு சலாம் சொல்லிட்டு, என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். சலாம் சொல்லும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

பெயரைச் சொன்னதும் காவற்காரர் தேடிக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சலாம் சொன்னேன். பழக்கதோஷத்தில் கும்பிட்டும் விட்டேன். இறங்கி வந்து அதைச் சொன்னபோது மாஸ்டர் சிரித்தார். "இருக்கட்டும். வியாபாரம் பண்ணவுக, எல்லாரையும் பாத்திருப்பாக."

பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார். நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன்.

"நல்லாயிருக்குன்னு சொல்லாதீக சார். என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க."

தலைமாட்டுக் கல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எழுத்தில் பாசி, பக்கத்தில் ஒரு பலாமரம். நான் சொல்லச் சொல்ல வரைந்தார்.

கீழக்கரைக்கு வந்து, என் முன்னாலேயே படத்தை உம்மாவிடம் கொடுத்தார். "நான் போகலை உம்மா. பாதி வழியில உக்காந்துட்டேன். சார்தான் பாத்தாக" என்றார். உம்மா கதவுக்குப் பின்னால் இருந்தபடி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கல் சாய்ந்திருப்பதை மறைக்காமல் சொன்னேன். அடுத்த கப்பலில் போன உறவினரிடம் சொல்லி அதை நிமிர்த்தி வைத்தார்கள்.

போன வாரம் மாஸ்டரின் அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. "கணக்கு சார் வந்திருக்காகளா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. "எம்புள்ளைய வச்ச இடத்தைப் பாத்தீகளா? எப்படியிருக்கு?"

நல்ல இடம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த வாயை அடக்கிக்கொள்ளும் பழக்கம்தான் மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. மணல் இன்னும் ஈரமாக இருக்கிறது, கிழக்கே முள்வேலி, தலைமாட்டில் கல் நடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழாமல் கேட்டார்கள்.

"போற வழி?" என்று கேட்டார்கள்.

"சமதளம்தான் உம்மா. மேடே இல்லை" என்றேன்.