வெற்றிலை: இல்லை

கழுத்தில் ஒரு கட்டி மூன்று கிழமைக்கு மேல் நின்றால் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரிச் சுவரில் மும்மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றையும் வாசித்து, தமிழில் இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்துவிட்டு, நாலு மாதம் கழித்துப் போனேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து முப்பத்தாறு வருஷம் மற்றவர்களிடம் தாமதத்துக்கு விளக்கம் கேட்டவன் நான்.

படிவம் ஒழுங்காக இருந்தது. புகைத்தல்: இல்லை. மது: இல்லை. வெற்றிலை: இல்லை.

"சேர், வெத்திலை போடுறேல்லையோ?" டொக்டர் திரும்பக் கேட்டார்.

"இல்லை."

பக்கத்துக் கதிரையில் மனைவி. "ஓம் டொக்டர், வெத்திலை தொடமாட்டார். பாக்கும் புகையிலையும் மட்டும். இலை பொக்கற்றுக்க வாடிப்போகுமாம்."

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதிப் பழகியவன். டொக்டர் என் 'இல்லை'யை வெட்டினார்.

தொண்டையில் சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. "பாக்கும் புகையிலையும் காரணமா இருக்கலாம் சேர். ஆனா இந்த இடத்தில ஒரு வைரஸாலயும் வரும். துண்டைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்."

"எப்படித் தொற்றும்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்: உடலுறவால். அனேகம் பேருக்கு வந்து தானாகவே போய்விடும். சிலரில் பல வருஷம் தங்கும். யாரிடமிருந்து, எப்போது என்று எவராலும் சொல்ல ஏலாது.

ஓட்டோ துறைமுக வீதிக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்.

"கலியாணத்துக்கு முதல் அனுராதபுரத்துக்கு மாற்றலாகிப் போய் இருந்தனீங்கள் என்ன?"

"ஓம்."

"அங்க ஃபைல் எல்லாம் ஒழுங்கா வச்சிருந்தனீங்களோ?"

"இல்லை," என்றேன். வெற்றிலைக்குப் பிறகு நான் சொன்ன அடுத்த 'இல்லை'. இது உண்மை. அவள் கடற்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இன்னொன்று சொன்னார். "வைரஸால வந்ததெண்டா ஒரு வகையில நல்லது சேர். வைத்தியத்துக்கு நல்லாக் கேட்கும்."

எனக்குக் குழம்பிவிட்டது. புகையிலை என்றால் மானம் தப்பும், உயிர் சந்தேகம். வைரஸ் என்றால் உயிர் தப்பலாம், வீட்டில் தலை நிமிராது. எதை விரும்புவது? இதற்குச் சுற்றறிக்கை எதுவும் கிடையாது. கொழும்புக்கு இரண்டு நினைவூட்டற் கடிதம் அனுப்பினேன். எந்தப் பதிலை நினைவூட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதிர்ச் சிகிச்சை தொடங்கிய வெள்ளிக்கிழமை, காளி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

"என்ன வேண்டினனீர்?"

"அந்த வைரஸ்தான் இருக்கோணும் எண்டு."

"எல்லாம் தெரிஞ்ச பிறகுமோ?"

"அதை வைத்தியம் முடியக் கதைப்பம். கதைக்கிறதுக்கு முதல்ல நீங்கள் இருக்கோணுமே."

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை அவளே உடைத்தாள். "வைரஸ் இருக்காம்," என்று மட்டும் சொல்லி, குசினிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. உறையைத் திருப்பி, பழைய பழக்கத்தில் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.