அவள் ஏற்றிவைத்த எடை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்தில் நானும் அவளும் ஒன்றாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். நான் ஆழ்வார்குறிச்சியில் வாத்தியார் வீட்டுப் பெண். அவள் வள்ளியூரைத் தாண்டிக் கடலை ஒட்டிய ஊர்க்காரி. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது. விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. வந்த கொஞ்ச நாளிலேயே என்னை "ஏட்டி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

விமான எஞ்சினில் சுழலும் டர்பைன் தகடுகளை நிக்கல் கலவையில்தான் செய்கிறார்கள். மற்ற உலோகங்கள் தளர்ந்துபோகிற சூட்டிலும் அது நிற்கும். ஆனாலும் அந்தச் சூட்டில் பாரம் இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுபோய் ஒருநாள் அறுந்துவிடும். அதைத் தள்ளிப்போட ரீனியம் என்ற அரிய உலோகத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். ரீனியத்தைக் குறைத்துவிட்டு, கலவையைச் சூடேற்றி ஆறவைக்கும் முறையை மாற்றினால் அதே ஆயுள் கிடைக்கும் என்பது அவள் கணிப்பு. எங்கள் பேராசிரியருக்கு நம்பிக்கை இல்லை.

"செஞ்சுதான் பாப்போமே சார்" என்றாள்.

சுண்டுவிரல் நீளத்துக் கம்பி. அதை உலைக்குள் செங்குத்தாக மாட்டி, நெம்புகோலில் அவளே எடைகளை ஏற்றினாள். ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு. மாதக்கணக்கில் ஓட வேண்டிய சோதனை அது. நடுவில் அணைத்தால் அத்தனையும் வீண்.

அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விடாத காய்ச்சல் வந்தது. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். கிளம்பும்போது பஸ் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அத நிறுத்த மட்டும் விட்டுராத" என்றாள். சரி என்றேன்.

தினமும் போனில் பேசுவோம். கம்பியின் நீட்சி எவ்வளவு என்று கேட்பாள். முடியெல்லாம் கொட்டிவிட்டது என்பதை அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அவள் சொல்லவில்லை.

பேராசிரியர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அவ திரும்பி வர்றது கஷ்டம்னு தோணுதும்மா. அடுத்த பையன் மெஷினுக்குக் காத்துக் கெடக்கான். நிறுத்திரலாமா?"

"அவ உயிரோட இருக்கா சார்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மழைக்காலத்தின் நடுவில் அவள் இறந்துபோனாள். ஊரில் மாதா கோயிலுக்குப் பின்னால் மணலில் புதைத்தார்கள். அன்று மாலையே நான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். அழுது முடிக்கவில்லை. ஆனால் உலை எரிந்துகொண்டிருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்து மேசையில் இருந்தபோது எடைகள் விழும் சத்தம் கேட்டது. கம்பி அறுந்துவிட்டது. அவள் எதிர்பார்த்த ஆயுளை அது எட்டவில்லை. போனை எடுத்து அவள் எண்ணைத் தேடிவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

அவளுடைய சாமான்களை வாங்கிப்போக அவள் அப்பா வந்தார். வெள்ளைக் கோட்டையும் செருப்பையும் பையில் வைத்துக்கொண்டு, "எம்மவ என்ன செஞ்சான்னு நான் பாக்கலாமா யம்மா?" என்று தயங்கிக் கேட்டார்.

அறுந்த கம்பியை வெட்டி மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். சோதனைக்கு முன் எடுத்த படத்தில் நுண்ணிய சதுரக் கட்டிகள். சூட்டிலும் பாரத்திலும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, இழுக்கும் திசைக்குக் குறுக்கே பலகைகளாகப் படுத்திருந்தன.

"இத எங்க பாடத்துல கட்டுமரம்னு சொல்லுவோம்ப்பா. இப்படிச் சீரா படுக்கும்னு அவதான் சொன்னா."

அவர் திரைக்கு அருகில் குனிந்தார். "அப்ப அவ சொன்னது சரிதானா?"

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. "பாதி சரிப்பா. அவ சொன்ன மாதிரியே படுத்துச்சு. ஆனா அவ நெனச்ச அளவு தாங்கல."

"மீதிய யாரு பாக்கா?"

"நான் பாக்குதேன்."

தலையை ஆட்டினார். அதன்பிறகுதான் அழுதார். அவர் பக்கத்தில் நின்றேன்.

என் வேலை ஒருபக்கம் கிடக்க, அவள் ஆய்வைக் கட்டுரையாக எழுதினேன். அவள் பெயரை முதலில் போட்டோம். முதல் ஆசிரியர் மின்னஞ்சலில் ஒப்புதல் தர வேண்டும் என்று இதழிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் இல்லை என்று நான் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. எழுத ஒரு நாள் முழுக்க ஆனது.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா முதல் பக்கத்தை வாங்கி மகளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பெயரின் ஓரத்தில் சிலுவை போலச் சிறியதாக ஒரு குறி இருந்தது. காலமானவர் என்பதற்கு அச்சில் போடும் குறி அது.

"குருசு போட்டுருக்காவளே" என்றார் முகம் மலர்ந்து. "நம்ம புள்ள வேதக்காரப் புள்ளன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.